படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைத்தால் தூக்கம் கூடும்

பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுப் பதினொன்று வரை புரண்டு, மூன்று மணிக்கு முழிப்புத் தட்டி, அதன்பின் கொட்டக் கொட்ட விழித்திருந்து, பால் வரும் நேரத்தில் கண் அசருகிறவருக்கு வீட்டில் கிடைக்கும் முதல் யோசனை, "இன்னிக்காவது ஒன்பது மணிக்கே போய்ப் படு" என்பதுதான். தூக்க மருத்துவம் சொல்வது இதற்கு நேர் எதிர். அவர் நள்ளிரவு தாண்டிப் படுக்க வேண்டும்.

இதன் காரணம் தூக்கம் வரும் விதத்திலேயே இருக்கிறது. நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்கிறது. சேரச் சேரத் தூக்க அழுத்தம் ஏறும். தூங்கத் தூங்க இறங்கும். இது ஒரு விசை. இன்னொன்று உடல் கடிகாரம். மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸில் உள்ள ஒரு சிறு நரம்பணுக் கூட்டம், கண்ணில் விழும் வெளிச்சத்தைக் கொண்டு நேரத்தைச் சரிசெய்தபடி, எப்போது விழிப்பு, எப்போது உறக்கம் என்று உடலை நடத்துகிறது. இந்த இரண்டும் சேர்ந்துதான் தூக்கத்தைத் தீர்மானிக்கின்றன என்ற கோட்பாட்டை 1982இல் தூக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி முன்வைத்தார். இன்றும் தூக்க ஆய்வின் அடிப்படை அதுதான்.

பலர் அறியாத விஷயம் ஒன்று இதில் உண்டு. உடல் கடிகாரம் தரும் விழிப்பு உந்துதல் நண்பகலில் உச்சத்துக்குப் போவதில்லை. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் அது மிக வலுவாக இருக்கிறது. பிறகு இரவு வந்துவிட்டதென்று உடலுக்குச் சொல்லும் மெலடோனின் ஹார்மோன் ஏறி, உந்துதல் சரியும். ஆக, பதினொன்றரைக்குத் தூங்கிப் பழகியவர் ஒன்பதுக்கே படுத்தால், நாளிலேயே தூக்கம் வரக் கடினமான நேரத்தில் தூங்க முயல்கிறார். தூக்கம் வராது, "எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது" என்ற பயம்தான் வரும்.

காப்பி அடினோசினை அகற்றுவதில்லை. மூளையில் அது போய் ஒட்டும் ஏற்பிகளை மறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். குடித்த காஃபினில் பாதி உடலைவிட்டுப் போகச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். சிலருக்கு 3, சிலருக்கு 7, கர்ப்பிணிகளுக்கு இன்னும் அதிகம். மாலை ஐந்து மணிக் காப்பியில் பாதி, இரவு பத்துக்கும் ரத்தத்தில் இருக்கும். "நான் காப்பி குடிச்சிட்டே தூங்குவேன்" என்பவர்கள் தூங்குகிறார்கள்தான், ஆனால் ஆழ்ந்த தூக்கம் குறைகிறது. தூக்கத் தொல்லை உள்ளவர்கள் மதியம் ஒரு மணியோடு காப்பி, டீ இரண்டையும் நிறுத்திப் பார்க்கலாம். மாலைக் குட்டித் தூக்கம் இன்னொரு விதத்தில் கெடுக்கும்: இரவுச் சாப்பாட்டுக்கு முன் நாலு பஜ்ஜியை உள்ளே தள்ளுவது போல, சேர்த்துவைத்த தூக்க அழுத்தத்தை அது கரைத்துவிடும்.

வாரத்தில் மூன்று இரவுகளாவது, மூன்று மாதங்களாவது தூக்கம் இப்படிக் கெட்டு, பகல் வேலையையும் பாதித்தால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். அது ஏன் நீடிக்கிறது என்பதற்கு உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1987இல் தந்த விளக்கம் எளிமையானது. லேசான தூக்கம், எளிதில் பதறும் சுபாவம் போன்றவை பிறவியிலேயே வருபவை. வேலை போனது, குழந்தை பிறந்தது, அறுவை சிகிச்சை போன்றவை தூண்டிவிடுபவை. மூன்றாவது, நீட்டித்து வைப்பவை. இழந்த தூக்கத்தை ஈடுகட்டச் சீக்கிரம் படுப்பது, காலையில் இன்னும் கொஞ்சம் என்று கிடப்பது, பகலில் அசருவது, படுக்கையில் போனோடு கிடப்பது எல்லாம் இந்த வகை. வேலைப் பிரச்சினை ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். தூக்கம் மட்டும் திரும்பாது, ஏனென்றால் இப்போது அதைத் தடுப்பது இந்த மூன்றாவது வகை. "எதனால் ஆரம்பித்தது" என்று தோண்டிக்கொண்டே இருப்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

ஆனால் உடலில் வேறு ஏதேனும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்காமல் இந்த வழியில் இறங்கக் கூடாது. பகலில் அசதி மட்டும் இருக்கிறதா, அல்லது உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுகிறாரா என்பது முதல் கேள்வி. தூக்கமின்மைக்காரர் பெரும்பாலும் களைத்திருப்பார், ஆனால் பகலில் படுத்தாலும் தூக்கம் வராது. பேருந்தில் ஏறியதும், கூட்டத்தில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறவரிடம் குறட்டையைப் பற்றி விசாரிக்க வேண்டும். உரத்த குறட்டை, நடுவே மூச்சு நின்று திணறி எழுவது, காலையில் தலைவலி, உலர்ந்த வாய், இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவது ஆகியவை தூக்கத்தில் மூச்சுத்தடையின் அடையாளங்கள். குறைந்தது 10 விநாடி நீளும் தடைகள் மணிக்கு 5 முறைக்கு மேல் வந்தால் நோய் என்றும், 30 தாண்டினால் கடுமையானது என்றும் கணக்கு. ஒல்லியானவர்களுக்கும் வரும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வாய்ப்பு கூடுகிறது. இவர்கள் தூக்க மாத்திரை போட்டால் தொண்டைத் தசை இன்னும் தளர்ந்து நிலைமை மோசமாகலாம்.

அடுத்தது கால் குடைச்சல். மாலையானால் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்வது போல இருக்கும்; அசைத்தால் அடங்கும், நிறுத்தினால் திரும்பும். மூளையில் இரும்புச்சத்துக் குறைவு இதற்கு முக்கியக் காரணம். ஹீமோகுளோபின் சரியாக இருப்பது போதாது, உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்க வேண்டும். லேப் ரிப்போர்ட்டில் 25 என்று வந்து "இயல்பு" என்றே அச்சாகியிருக்கும். ஆனால் இந்தத் தொல்லை உள்ளவருக்கு 75 நானோகிராமுக்குக் கீழே இருந்தாலே இரும்புச்சத்து தரலாம் என்பது மருத்துவ வழிகாட்டுதல். தூக்கம் வரட்டும் என்று போடும் அலர்ஜி மாத்திரைகளும், வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடும் இந்தக் குடைச்சலைக் கூட்டும்.

மருந்துச் சீட்டையும் ஒருமுறை நேரத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, நீர் பிரிக்கும் மாத்திரை, மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளூவாக்சிடின் ஆகியவற்றை மாலையில் போட்டால் இரவு கெடும். பலருக்குக் காலைக்கு மாற்றினாலே போதும், மருத்துவரிடம் கேட்டு மாற்றலாம். ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் தரும் புரோப்ரனலால் மெலடோனின் சுரப்பைக் குறைக்கும். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும், தைராய்டு மாத்திரையின் அளவு கூடிப்போனாலும் படபடப்போடு தூக்கம் போகும். மது சீக்கிரம் தூங்கவைத்து, பின்னிரவைத் துண்டு துண்டாக்கும்.

தினமும் நான்கு மணிக்கு முன்பே விழித்து, எதிலும் நாட்டமில்லாமல், காலை நேரமே நாளின் கனமான பொழுதாக இருப்பவர்களுக்கு மனச்சோர்வு இருக்கக்கூடும். அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். உயிரை விடும் எண்ணம் தலைகாட்டினால் காத்திருக்கக் கூடாது. இந்தியாவில் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416 எந்நேரமும் இயங்குகிறது.

இவை இல்லையென்றால், அல்லது இருந்து சிகிச்சை நடக்கிறதென்றால், முதல் தேர்வு மாத்திரை அல்ல, தூக்கத்துக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது தூக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிகிச்சை. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016இல் அப்படித்தான் பரிந்துரைத்தது. அதன் முதுகெலும்பு ஒரு நோட்டுப் புத்தகம். இரண்டு வாரம், தினமும் காலையில், உத்தேசமாக எழுதினால் போதும்: படுத்த நேரம், தூங்க எடுத்த நேரம், நடுவில் விழித்திருந்த நேரம், எழுந்த நேரம்.

ஒருவர் 10 மணிக்குப் படுத்து 6.30க்கு எழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். படுக்கையில் மொத்தம் 510 நிமிடம். தூங்க 60, நடுவில் 75, விடிகாலையில் 45 என 180 நிமிடம் விழிப்பு. தூங்கியது 330 நிமிடம், அதாவது ஐந்தரை மணி நேரம். 330ஐ 510ஆல் வகுத்தால் தூக்கத் திறன் 65 சதவீதம். நல்ல தூக்கம் என்பது 85க்கு மேல். இவருக்குப் படுக்கையில் அனுமதி ஐந்தரை மணி நேரம் மட்டும். எழும் நேரத்தை 6 என்று நிலைநிறுத்தினால், படுப்பது இரவு 12.30. ஒரு வாரச் சராசரி 85ஐத் தாண்டினால் 15 நிமிடம் முன்னதாகப் படுக்கலாம். 80க்கும் 85க்கும் இடையே இருந்தால் மாற்றமில்லை. 80க்குக் கீழே போனால் 15 நிமிடம் குறைக்க வேண்டும், ஆனால் எப்போதும் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது.

இதோடு உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972இல் வகுத்த விதிகளும் சேரும். தூக்கம் கண்ணைச் சொக்கினால் மட்டும் படுக்க வேண்டும். சுமார் 20 நிமிடம் விழித்திருப்பதாகத் தோன்றினால் எழுந்துவிட வேண்டும். கடிகாரம் பார்க்கக் கூடாது, அதைச் சுவரிலிருந்து எடுத்துவிடுவது உத்தமம். படுக்கையும் பதற்றமும் மூளையில் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கின்றன, அதைப் பிரிப்பதுதான் நோக்கம். ஒரே அறையில் நாலு பேர் படுக்கும் வீட்டில் எங்கே எழுந்து போவது? பாயைவிட்டு நகர்ந்து, சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தால் போதும். மங்கிய வெளிச்சத்தில் துணி மடிக்கலாம், பழைய வார இதழைப் புரட்டலாம். போன் வேண்டாம்.

பெரும்பாலும் இது கெடுவது இரண்டாவது வாரத்தில்தான். முதல் வாரம் பகலில் கண் எரியும், எரிச்சல் வரும். "இருந்த தூக்கமும் போச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். அந்தக் கலக்கம்தான் தூக்க அழுத்தம் சேர்வதற்கான அறிகுறி. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது வரை தூங்குவதும், இரவு ஒன்பதரைக்கு சீரியல் பார்த்தபடி சோபாவில் பத்து நிமிடம் அசருவதும் வாரம் முழுக்கச் செய்ததைக் கலைத்துவிடும். ஸ்மார்ட் வாட்ச் காட்டும் ஆழ்தூக்கக் கணக்கைக் காலையில் பார்த்துக் கவலைப்படுவதும் உதவாது. தூக்க நிலைகளை அது உத்தேசமாகத்தான் கணிக்கிறது. சூடான பால், இருட்டறை, லாவெண்டர் எண்ணெய் வகையறாக்களால் கெடுதல் இல்லை, ஆனால் நாள்பட்ட தூக்கமின்மையை அவை மட்டும் தீர்ப்பதில்லை. படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வெந்நீர்க் குளியலுக்குக் கொஞ்சம் பலன் உண்டு: தோலுக்கு ரத்தம் பாய்ந்து உடலின் உள்வெப்பம் இறங்குகிறது.

வலிப்பு நோய், இருதுருவ மனநோய், சிகிச்சை பெறாத மூச்சுத்தடை உள்ளவர்களும், லாரி, பேருந்து ஓட்டுநர்களும் நேரக் குறைப்பைத் தாமாகச் செய்யக் கூடாது. மற்றவர்களும் முதல் இரண்டு வாரம் தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்ட வேண்டாம். கீழே விழும் அபாயமுள்ள வயதானவர்களுக்கு வாரம் 15 அல்லது 30 நிமிடமாக மெல்லக் குறைப்பார்கள்.

ஏற்கெனவே அல்பிரசோலம், குளோனசெபம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகளைத் தூக்கத்துக்காகப் போட்டுப் பழகியவர்கள் அதைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, வலிப்பே வரலாம். மருத்துவர் பார்வையில், சில வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதமாகக் குறைப்பது வழக்கம். ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் சில இரவுகள் தூக்கம் கெடும். அது பெரும்பாலும் மாத்திரை விலகுவதன் எதிர்வினை. பழைய நோய் திரும்பிவிட்டது என்று அளவைக் கூட்டிவிடாமல், அந்த நாட்களிலும் அதே 12.30க்குப் படுத்து அதே 6 மணிக்கு எழ வேண்டும். மருந்தில் அளவைக் குறைக்கும் வாரத்தில் படுக்கை நேரத்தில் கைவைக்க வேண்டாம். இரண்டையும் ஒன்றாக மாற்றினால், தூக்கம் கெட்டது எதனால் என்று நோட்டைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது.