சூரிய ஆய்வுக்கு மானியமா, நல்கையா?

"சூரிய ஆய்வுக்கு அரசு மானியம்" என்று ஒரு தலைப்பு. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் அதைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டது இது: "சார், மூணு கிலோவாட்டுக்கு எழுபத்தெட்டாயிரம் ஏற்கெனவே தர்றாங்களே, இது அதுக்கு மேலயா?" அவர்மேல் குற்றமே இல்லை. 2024 பிப்ரவரியில் பி.எம். சூர்ய கர் திட்டம் வந்த பிறகு, 'சூரிய' என்ற சொல்லையும் 'மானியம்' என்ற சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தமிழ்நாட்டில் யாருக்கும் மொட்டைமாடித் தகடுதான் நினைவுக்கு வரும். செய்தியில் சொல்லப்பட்டதோ வேறு. சூரியனிலிருந்து கிளம்பும் மின்னூட்டத் துகள்கள் பூமியின் காந்தப்புலத்தை என்ன செய்கின்றன என்று ஆராய்பவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் பணம் பற்றிய செய்தி அது. மூலத்தில் இருந்த ஆங்கிலச் சொல் கிராண்ட் (grant). அதை மானியம் என்று போட்டதால் வந்த வினை.

இந்த ஒரு செய்தியோடு போனால் பரவாயில்லை. கிராண்ட் எங்கே வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு மானியம் என்று எழுதுவது இப்போது பழக்கமாகிவிட்டது.

கிராண்ட் என்பது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அடியில் இருப்பது லத்தீன் 'க்ரேடெரே', அதாவது நம்புதல். கடன் வாங்கும்போது கேட்கும் கிரெடிட்டும் அதே வேரில் பிறந்ததுதான். ஆக, நம்பி ஒப்படைப்பது என்ற எண்ணம் சொல்லிலேயே இருக்கிறது. மானியம் வடசொல், 'மான்ய' என்றால் மதிக்கத்தக்க. மதிப்புக்குரியவருக்கோ கோயில், ஊர்ப் பணி செய்பவருக்கோ வரி நீக்கி விட்ட நிலம் மானியம். எந்த வரியும் கிடையாது என்றால் சர்வமானியம். சோழர் கல்வெட்டுகளில் இதற்கு 'இறையிலி' என்று அழகான தமிழ்ச் சொல்லே இருந்தது, அது போய்விட்டது. சொற்பிறப்பு இவ்வளவு போதும்.

இன்று மானியம் என்ன வேலை செய்கிறது? ஒரு பொருளின் விலையில் ஒரு பங்கை அரசு ஏற்றுக்கொள்கிறது. சிலிண்டர், உரம், சொட்டுநீர்க் குழாய், கூரைமேல் தகடு எல்லாம் அப்படித்தான். நீங்கள் வாங்குகிறீர்கள், விலையிலேயே குறைகிறது அல்லது பணம் வங்கிக் கணக்கில் விழுகிறது, கதை முடிந்தது. அந்த சிலிண்டரில் சாம்பார் வைத்தீர்களா, ரசம் வைத்தீர்களா என்று எந்த அதிகாரியும் கேட்டு வரமாட்டார்.

ஆராய்ச்சிக்குக் கிடைக்கும் பணத்திலோ கதை தொடங்குவதே பணம் வந்த பிறகுதான். கிண்டியிலோ சேப்பாக்கத்திலோ ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு மார்ச் மாதம் போய்ப் பாருங்கள். பேராசிரியர் சூரியனை மறந்து 'யூசி'யோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். பயன்பாட்டுச் சான்றிதழைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசுப் பொது நிதி விதிகளில் அதற்குத் தனிப் படிவமே உண்டு, எண் 12-ஏ. வந்த தொகை எவ்வளவு, எந்தத் தலைப்பில் செலவு, மிச்சம் எவ்வளவு என்று அதில் காட்ட வேண்டும். பணம் வங்கியில் கிடந்து வட்டி ஈட்டியிருந்தால் அந்த வட்டியும் அரசுக்குத் திரும்ப வேண்டும். அந்தப் பணத்தில் வாங்கிய கணினியில் திட்டத்தின் பெயர் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அனுமதியில்லாமல் அதை விற்க முடியாது. இவ்வளவு கணக்கு கேட்கும் ஒன்றும் சிலிண்டருக்கு வரும் பணமும் ஒரே சொல்லில் எப்படி அடங்கும்?

அமெரிக்கச் சட்டம் இந்த வேறுபாட்டை இன்னும் தெளிவாகப் பிரிக்கிறது. 1978-இல் அவர்கள் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அரசு தனக்கு வேண்டிய பொருளையோ சேவையையோ வாங்கினால் அது ஒப்பந்தம். பொதுநலனுக்காக வேறொருவர் செய்யும் வேலைக்குப் பணம் கொடுத்தால் கிராண்ட். அந்த வேலையில் அரசும் கணிசமாகப் பங்கெடுத்தால் அது கூட்டுறவு உடன்பாடு என்று மூன்றாவது வகை. சூரியனுக்குக் கிட்டத்தட்ட 61 லட்சம் கிலோமீட்டர் வரை நெருங்கிப் போன பார்க்கர் விண்கலத்தை நாசாவுக்காகக் கட்டியது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம். அது ஒப்பந்த வேலை. அந்தக் கலம் அனுப்பும் தரவுகளை வைத்துக்கொண்டு வேறொரு பல்கலைக்கழகத்தில் ஒருவர் மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொள்வதற்குத் தருவதுதான் கிராண்ட். அதற்காக நாசா ஆண்டுதோறும் 'ரோசஸ்' என்ற பெயரில் ஒரு பெரிய அழைப்பு விடுகிறது. ஆராய்ச்சிக்குப் பணம் தரும் இன்னொரு அமெரிக்க அமைப்பான நேஷனல் சயின்ஸ் ஃபவுண்டேஷனில், சூரியனுக்கும் அதிலிருந்து வீசும் துகள் ஓட்டமான சூரியக் காற்றுக்கும் 'ஷைன்', பூமியின் காந்த மண்டலத்துக்கு 'ஜெம்', மேல் வளிமண்டலத்துக்கு 'சீடார்' என்று தனித்தனித் திட்டங்கள் வைத்திருக்கிறார்கள். முன்மொழிவு எழுத வேண்டும், துறை அறிந்தவர்கள் அதைப் பிரித்து மேய்வார்கள், பெரும்பாலானவை திரும்பி வரும். தேறிய பணத்தில் கணிசமான பங்கு ஆய்வாளர்கள், ஆய்வு மாணவர்களின் சம்பளத்துக்குப் போகும். இதில் விலைகுறைத்து வாங்கிய பொருள் எது?

அப்புறம் நன்கொடை. இது எந்திர மொழிபெயர்ப்பும் அவசரச் செய்தியறையும் சேர்ந்து பெற்ற பிள்ளை. மேலே சொன்ன ஃபவுண்டேஷன் 1950-இல் சட்டம் போட்டுத் தொடங்கிய அரசு அமைப்பு. அதைத் 'தேசிய அறிவியல் அறக்கட்டளை' என்று எழுதிவிடுகிறார்கள். அறக்கட்டளை என்று ஆன பிறகு, அது கொடுப்பது நன்கொடையாகத்தானே இருக்க வேண்டும்? "அறக்கட்டளை நன்கொடை வழங்கியது" என்று படித்தால் ஏதோ கோயிலில் அன்னதானம் நடந்த மாதிரி இருக்கிறது. ஒரு தப்பு இன்னொரு தப்பைக் கையைப் பிடித்துக் கூட்டி வருவதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இவை இரண்டும் அறியாமல் செய்பவை. அறிந்தே செய்பவர்கள் 'கொடை' என்கிறார்கள். தனித்தமிழ் ஆர்வலர் சிலரிடம் இதை நெடுநேரம் பேசியிருக்கிறேன். மானியம் வடமொழி, அதைத் தூக்கிவிட்டுக் கொடை என்று போடு, சின்னச் சொல், எல்லோருக்கும் புரியும் என்பது அவர்கள் வாதம். புரியும்தான். தப்பாகப் புரியும். கொடை என்றதும் தமிழனுக்கு முல்லைக்குத் தேர் கொடுத்த பாரிதான் கண்முன் நிற்பான். அவன் முல்லையிடம் முன்மொழிவு கேட்கவில்லை, தேரை என்ன செய்தாய் என்று அடுத்த மார்ச்சில் விசாரிக்கவும் இல்லை. அப்படித் தகுதி ஆராயாமல் கொடுப்பதற்குத்தான் கொடைமடம் என்று பெயர். அதோடு, கொடுப்பவனுக்குச் சொந்தமானதைக் கொடுத்தால்தான் கொடை. அரசிடம் இருப்பது நம் வரிப்பணம். மக்கள் பணத்தை மக்கள் வேலைக்குக் கொடுத்துவிட்டு அதைக் கொடை என்று சொல்லிக்கொள்ள எந்த அரசுக்கும் உரிமை இல்லை.

சொல்லிக்கொண்டவர்கள் உண்டு. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் வானிலை மையத்தின் வளாகத்தில் ஒரு பெரிய கருங்கல் தூண் நிற்கிறது. பழைய மெட்ராஸ் வானாய்வகத்தின் கருவியைத் தாங்கிய தூண். 1786-இல் வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி தன் வீட்டில் சொந்தமாகத் தொடங்கியதைக் கம்பெனி எடுத்துக்கொண்டு 1792-இல் அங்கே கட்டடம் எழுப்பியது. பிரிட்டிஷாரின் தாராளத்தால் ஆசியாவில் கணித அறிவியல் ஊன்றப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டு கழித்தும் உலகம் அறிய வேண்டும் என்று பொறித்து வைத்தார்கள். தாராளமாம்! கப்பல் ஓட்டவும் நிலம் அளக்கவும் அவர்களுக்கு நட்சத்திரக் கணக்கு தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் பிறப்பு இன்னும் கசப்பானது. 1876-இல் தொடங்கிய பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பிறகு, சூரியப் புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்குமோ என்ற கேள்வி எழுந்தது. சூரியனைத் தொடர்ந்து கவனிக்க ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வளர்ந்து, 1899-இல் மலைமேல் ஆய்வகமாக முடிந்தது. பத்து வருடத்தில், 1909-இல், சூரியப் புள்ளிகளில் வாயு ஆரப்போக்கில், அதாவது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி, பாய்வதை வானியலாளர் ஜான் எவர்ஷெட் அங்கேதான் கண்டுபிடித்தார். அந்த விளைவுக்கு இன்றும் உலகமெங்கும் அவர் பெயர்தான். பட்டினியில் செத்தவர்களின் கணக்கிலிருந்து வந்த அக்கறைக்குக் கொடை என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ('கொடைக்கானலிலேயே கொடை இருக்கிறதே' என்று ஒருவர் என்னை மடக்கப் பார்த்தார். அது கோடையா, கொடியா என்ற வழக்கே தீரவில்லை. அதை இங்கே எடுக்க வேண்டாம்.)

சரி, எதைத்தான் சொல்வது? நல்கை. புதிதாகக் கட்டிய சொல் இல்லை. கருத்தரங்க அழைப்பிதழ்களில் 'நிதிநல்கையுடன்' என்று போடுகிறார்கள், தமிழ்த்துறைக்காரர்களுக்கு நன்கு பழகியது. இயற்பியல் துறைக்கு மட்டும் ஏன் அது போய்ச் சேரவில்லை என்பதுதான் புரியவில்லை. வேர் 'நல்கு'. மேகம் கடலிடம் எடுத்ததை மழையாகத் திரும்ப நல்காவிட்டால் அந்தப் பெருங்கடலும் வற்றும் என்கிறது பதினேழாவது குறள்: 'தடிந்தெழிலி தான்நல்கா தாகி விடின்'. எடுத்த இடத்துக்கே திரும்பக் கொடுப்பது என்ற பொருள் அங்கே தெளிவாக இருக்கிறது. வரியாக எடுத்ததை அறிவாகத் திருப்புவதற்கு இதைவிடப் பொருந்தும் வினை எது?

எதிர்ப்பு வராமல் இருக்குமா? நல்கை என்றால் நல்குரவு மாதிரி ஒலிக்கிறது, நல்குரவு என்றால் வறுமை அல்லவா என்பார்கள். திட்டப்பணம் எட்டு மாதம் தாமதமாகி, அறை வாடகை கட்ட முடியாமல் தவிக்கும் ஆய்வு மாணவரிடம் கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்பார். பல்கலைக்கழக மானியக் குழு என்று பெயர்ப்பலகையே இருக்கிறதே, இலங்கையிலும் மானியங்கள் ஆணைக்குழு என்கிறார்களே என்பது அடுத்த கேள்வி. பெயர்ப்பலகை இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு நிறுவனத்தின் பெயரில் நிலைத்துவிட்டது என்பதற்காக அந்தச் சொல்லை எல்லா இடத்திலும் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. சட்டமன்றத்தின் மானியக் கோரிக்கையையும் நான் தொடமாட்டேன். ஒரு துறை செலவு செய்யப் பேரவை இசைவு தருவது அது, நம் விஷயமே வேறு.

ஆளுக்குத் தருவதற்கும் வேலைக்குத் தருவதற்கும் உள்ள பிரிவையும் காப்பாற்ற வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930-இல் அரசு தந்த பணத்தில் கேம்பிரிட்ஜ் போனார். அது உதவித்தொகை, அவருக்கென்று தந்தது. நல்கை ஒரு கேள்விக்குத் தருவது, ஆள் அதைச் சுமப்பவர். அந்தக் கேள்விக்கு என்ன விடை வரும் என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. 1958-இல் அமெரிக்க இயற்பியலாளர் யூஜின் பார்க்கர், சூரியக் காற்று என்று ஒன்று உண்டு என ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை எழுதிக் கொண்டுபோனபோது மதிப்பீட்டாளர்கள் இருவர் வேண்டாம் என்றார்கள். இதழின் ஆசிரியராக இருந்த இதே சந்திரசேகர் அதை வெளியிட்டார். நான்கே வருடத்தில் மரைனர்-2 விண்கலம் அந்தக் காற்றை நேரில் அளந்தது. அடியில் நம்பிக்கை என்று லத்தீன்காரன் வைத்தது சும்மா இல்லை.

மொழிபெயர்ப்பவர்களுக்குச் சொல்ல இன்னும் கொஞ்சம் இருக்கிறது. திட்டத்தை நடத்தும் விஞ்ஞானியை 'முதன்மைப் புலனாய்வாளர்' என்று எழுதாதீர்கள், அவர் சிபிஐ-யில் வேலை பார்க்கவில்லை. முதன்மை ஆய்வாளர் போதும். விண்வெளியில் நாளுக்கு நாள் மாறுவது வானிலை. அதைக் காலநிலை என்றால் நுங்கம்பாக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களே கோபித்துக்கொள்வார்கள். சூரியனைப் பற்றிய இயற்பியலைச் 'சூரிய சக்தி ஆராய்ச்சி' என்று எழுதுவதும் எங்கள் செயலாளர் போன்றவர்களை வீணாகச் செலவில் இழுத்துவிடும். நல்கையாளர் என்ற சொல் கொடுப்பவரா பெறுபவரா என்ற குழப்பம் தரும், இது நான் பரிந்துரைக்கும் சொல்லில் உள்ள உண்மையான குறை. ஆகவே கொடுப்பவரை நல்குநர் என்றும் வாங்குபவரை நல்கை பெறுநர் என்றும் பிரித்து எழுதுவதே நல்லது. கடைசியாக, நல்கை கிடைத்துவிட்டால் அமெரிக்கர்கள் அதை 'அவார்டு' என்பார்கள். அந்தச் சொல்லைப் பார்த்ததும் விருது என்று தட்டிவிட்டு, பேராசிரியருக்குப் பொன்னாடை போர்த்தும் படத்தைத் தேடப் போகாமல், பக்கத்தில் தொகையும் எத்தனை ஆண்டுக்கு என்பதும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.