ஜெனரேட்டர் ஓடுது, ஆனா மோட்டாரை இழுக்குமா?

2018 நவம்பர்ல கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தப்ப டெல்டாவுல ஒரு லட்சத்துக்கும் மேல கரண்ட் கம்பம் சேதமாச்சு, நிறைய கிராமத்துக்கு வாரக்கணக்குல கரண்ட் வரல. அந்த மாதிரி நேரத்துல லைட், ஃபேன் இல்லாம எப்படியோ ஓட்டிடலாம், மாடி டேங்க் காலியாயிட்டாதான் ஆட்டம் காணும். அதனால வீட்டு ஜெனரேட்டரை ஸ்டார்ட் பண்ணி ஒரு பல்ப் எரிஞ்சதும் "ஓகே, ரெடி"ன்னு மூடி வைக்கறதுல பிரயோஜனமே இல்ல, தண்ணி மோட்டாரைப் போட்டுப் பாக்கணும்.

ஏன்னா 1 ஹெச்பின்னா 746 வாட்தானே, நம்மகிட்ட 2 கேவிஏ செட் இருக்கே, தாராளமா போதும்னுதான் எல்லாரும் கணக்குப் போடுவாங்க. ஆனா நின்னுட்டு இருக்கற மோட்டார் வேற, சுத்திட்டு இருக்கற மோட்டார் வேற. சுத்த ஆரம்பிச்சப்புறம் அதுக்குள்ளயே ஒரு எதிர் வோல்டேஜ் உருவாகி கரண்ட்டை மட்டுப்படுத்தும். சுவிட்ச் போட்ட அந்த நொடியில அது கிடையாது, அதனால சாதாரணமா எடுக்கறதைப் போல 5, 6 மடங்கு கரண்ட்டை இழுக்கும். ஈபி லைன் அதைக் கண்டுக்காது. சின்ன ஜெனரேட்டர்ல இன்ஜின் தடதடன்னு திணறி வேகம் குறையும், வோல்டேஜ் இறங்கும், மோட்டார் சுத்தாம "ம்ம்ம்"னு உறுமிட்டே நிக்கும். அந்த உறுமல் கேட்டா உடனே ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா காயில் கருகிடும். மத்த எல்லாத்தையும் அணைச்சுட்டு முதல்ல மோட்டார் மட்டும், டேங்க் நிரம்பி அதை நிறுத்தினப்புறம் ஃபிரிட்ஜ், இதுதான் வரிசை. அதுக்கும் இழுக்கலன்னா செட் பத்தாதுன்னு புயலுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும்ல.

சிலதுல ஸ்டார்ட்டே ஆகாது, கயிறை இழுத்து இழுத்து தோள்பட்டை போயிடும். போன வருஷம் ஊத்தின பெட்ரோல் கார்புரேட்டர்ல ஆவியாகி பிசின் மாதிரி படிஞ்சிருக்கும், ஜெட்ல, அதாவது பெட்ரோல் போற குட்டி முனையில, இருக்கற ஓட்டை ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது, அடைச்சுக்கும். இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் வேற கலந்திருக்கு, அது காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். அதனால எடுத்து வைக்கும்போது பெட்ரோல் டேப்பை மூடிட்டு தானா நிக்கற வரைக்கும் ஓட விடுங்க. இன்னொண்ணு, இன்ஜின் ஜோரா ஓடும், கரண்ட் மட்டும் வராது. உள்ள இருக்கற இரும்புல மிச்சம் ஒட்டியிருக்கற லேசான காந்த சக்தியை வச்சுதான் அது கரண்ட் உற்பத்தியையே தொடங்குது, ரொம்ப நாள் சும்மா கிடந்தா அது மங்கிடும், மெக்கானிக் பேட்டரி வச்சு உசுப்பி விடுவார். மாசம் ஒரு தடவை லோடு போட்டு ஓட்டினா இந்தத் தலைவலி பெரும்பாலும் வராது.

இப்ப நான் கொஞ்சம் கோவமாவே சொல்ல வேண்டிய விஷயம். ரெண்டு முனையிலயும் பிளக் மாட்டின வயரை வச்சு ஜெனரேட்டர்ல இருந்து சுவத்து சாக்கெட்டுக்குக் குடுக்கறது. டிரான்ஸ்ஃபார்மர் ரெண்டு பக்கமும் வேலை செய்யும், 11,000 வோல்ட்டை இறக்கி நமக்குத் தர்ற அதே பெட்டி நம்ம 230-ஐ வாங்கி அந்தப் பக்கம் ஆயிரக்கணக்குல ஏத்தி விடும். "தெருவே லோடு இழுக்கும், நம்ம செட் அணைஞ்சுடும்"னு சிலர் சொல்றாங்க, எப்பவும் அப்படி இல்ல. வீட்டுக்குப் பக்கத்துலயே லைன் அறுந்திருந்தா லோடே இருக்காது, தண்ணில கிடக்கற கம்பியில கரண்ட் அப்படியே நிக்கும், சப்ளை இல்லன்னு நம்பி லைன்மேன் கையை வைப்பார். மெயினை இறக்கிட்டேன்னு ஞாபகத்தை நம்பாம, ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் சேர்த்து மாத்தற சேஞ்ச்ஓவர் சுவிட்சை நல்ல எலக்ட்ரீஷியனை வச்சுப் போட்டுடுங்க, ஒரு நேரத்துல ஒரு பக்கம்தான் சேரும்.

அப்புறம் புகை. அதுல இருக்கற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ரத்தத்துல ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும், தூங்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது. மழை வருதேன்னு போர்டிகோவுலயோ ஜன்னலுக்குக் கீழயோ இழுத்து வைக்காதீங்க, ஷட்டரைத் திறந்து வச்சாலும் கார் ஷெட் ஆகாது. வீட்டை விட்டு ஒரு 20 அடி தள்ளி மேடான இடத்துல, நாலு பக்கமும் திறந்த மாதிரி மேல ஷீட் கட்டி வைங்க, காத்து அடங்கினப்புறம் ஓட்டுங்க. நடுவுல பெட்ரோல் தீர்ந்தா சூடு ஆறட்டும், அப்புறம் ஊத்துங்க, சைலன்ஸர் மேல சிந்தினா குப்புன்னு பத்திக்கும்.