குவாரி கேரளத்தில், வீடு பொள்ளாச்சியில்: வெடி விபத்துக்கு நஷ்டஈடு கேட்பது எங்கே?

கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் வழியாகக் காலையில் பைக்கில் கேரளத்துக்குள் போகிறவர்களில் கல்குவாரி ஆட்களும் உண்டு. கம்ப்ரசர் வைத்துக் குழி போடுகிறவர், குழியில் வெடிமருந்து அடைக்கிறவர், கேப் (மருந்தை வெடிக்கத் தூண்டும் சிறு குழல்) சொருகித் திரி கொளுத்துகிறவர். இவர்களில் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், காரியம் முடிவதற்குள் குவாரிக்காரர் தரப்பில் இரண்டு பேர் வீட்டுக்கு வருவார்கள். கையில் முத்திரைத்தாள் இருக்கும். “கேஸ் போடணும்னா பாலக்காட்டுக்கு அலையணும், எல்லாம் மலையாளத்துல நடக்கும், உங்களால ஆகாது. இதை வாங்கிட்டு ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா” என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இப்படித்தான் நடந்தது. கொடுத்த தொகை, சட்டப்படி வரவேண்டியதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

பாலக்காட்டுக்குத்தான் போகவேண்டும் என்பது பொய். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் (2025 நவம்பரில் இதன் இடத்தில் வந்த புதிய சட்டத்தைப் பின்னால் சொல்கிறேன்) 21ஆம் பிரிவில் மூன்று இடங்களைச் சொல்கிறது: விபத்து நடந்த இடம், மனுதாரர் வழக்கமாக வசிக்கும் இடம், முதலாளியின் பதிவு அலுவலகம் உள்ள இடம். இந்த மூன்றில் எந்தப் பகுதியின் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடமும் மனுப் போடலாம், எது என்பதை முடிவு செய்வது மனுதாரர். கணவர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் குவாரியில் இறந்திருந்தாலும், பொள்ளாச்சியில் குடியிருக்கும் மனைவி தன் வீடு எந்த ஆணையரின் எல்லைக்குள் வருகிறதோ அங்கேயே போடலாம். தமிழ்நாட்டில் இந்தப் பொறுப்பு தொழிலாளர் துறை அதிகாரிகளிடம் இருக்கிறது. கேரளத்து ஆணையருக்குத் தகவல் அனுப்புவது அவர்கள் வேலை. ரேஷன் கார்டும் ஆதாரும் இங்கத்திய முகவரியில் இருந்தால் ‘வழக்கமாக வசிக்கும் இடம்’ என்று காட்டச் சிரமம் இல்லை.

அந்த முத்திரைத்தாள் விஷயம். ஆள் இறந்துவிட்டால் இழப்பீட்டை முதலாளி குடும்பத்தார் கையில் நேராகக் கொடுக்கக் கூடாது, ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். கையில் கொடுத்தது இழப்பீடாகக் கணக்கில் சேராது. மூன்று மாதக் கூலி வரை முன்பணமாகக் கொடுத்திருந்தால் அதை மட்டும் கழித்துக்கொள்வார்கள். கை கால் போய் உயிரோடு இருப்பவர் முதலாளியோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம், ஆனால் அதை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். “இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்” என்று தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் அந்த வரி செல்லாது. ஆகவே, கஷ்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டவர்களும் மனுப் போடலாம்.

எவ்வளவு வரும்? இறந்தால் மாதக் கூலியில் பாதியை, வயதுக்கென்று சட்டத்தின் நான்காம் அட்டவணை தரும் எண்ணால் பெருக்க வேண்டும். இனி எந்த வேலையும் செய்ய முடியாத நிலை என்றால் பாதிக்குப் பதில் 60 சதவீதம். கூலி எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு 15,000 ரூபாய் வரைதான் எடுப்பார்கள். 2020 ஜனவரி 3 முதல் இதுதான் உச்சவரம்பு. அதற்கு முன் வெறும் 8,000. மருந்து வைக்கிறவர் இன்று வாங்கும் கூலிக்கு இந்த 15,000 நியாயமே இல்லை. ஆனாலும் கணக்கு அதுதான். 35 வயதுக்கு எண் 197.06. எனவே இறப்புக்கு 7,500 × 197.06 = 14,77,950 ரூபாய். முழு ஊனத்துக்கு 9,000 × 197.06 = 17,73,540 ரூபாய். வயது கூடக் கூட எண் குறையும்: 25 வயதுக்கு 216.91, 50 வயதுக்கு 153.09. இறந்தவருக்கு 50 வயது என்றால் 11,48,175 ரூபாய்.

உறுப்பு ஒன்று போனால் முழு ஊனத் தொகையில் இத்தனை சதவீதம் என்று முதல் அட்டவணையில் இருக்கிறது. ஒரு கை மணிக்கட்டோடு போனால் 60, கட்டைவிரல் 30, ஆட்காட்டி விரல் 14, மற்றது நன்றாக இருக்க ஒரு கண் போனால் 40. முன் சொன்ன 35 வயதுக்காரர் கல் சில்லு பட்டு ஒரு கண்ணை இழந்தால் 7,09,416 ரூபாய். இரண்டு காதும் முழுச் செவிடானால் அது 100 சதவீதம். இது பலருக்குத் தெரிவதில்லை. “வெடிக்காரன்னா காது மந்தம் சகஜம்” என்று விட்டுவிடுகிறார்கள். இரைச்சலால் கேள்வி குறைவதும் கல்தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸும் தொழில்நோய்ப் பட்டியலில் இருப்பவை; விபத்து என்று ஒரு நாளைக் காட்டவேண்டியதில்லை.

அட்டவணைச் சதவீதம்தான் கடைசி வார்த்தை என்றும் நினைக்க வேண்டாம். 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தச்சரின் வழக்கை முடித்தது. முழங்கைக்கு மேல் இடது கை துண்டிக்கப்பட்டவர் அவர். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அவருக்கு அது முழு ஊனமே என்றது நீதிமன்றம். கேப்பில் கம்பி கட்டுவதற்கு இரண்டு கை வேண்டாமா? மருத்துவர் எழுதும் சதவீதம் ஒன்று, அவர் செய்து வந்த தொழிலுக்கு ஏற்பட்ட நஷ்டம் இன்னொன்று. இந்த வாதத்தை வக்கீலிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் முதலாளி தரவேண்டும், அது இந்தக் கணக்கில் கழியாது. படுக்கையில் கிடக்கும் காலத்துக்கு மாதத்தில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் மாதக் கூலியில் கால் பங்கு. இதற்கும் அதே 15,000 உச்சவரம்புதான்.

அடுத்து, எல்லா வழக்கிலும் கிளம்பும் வாதம்: “தப்பு அவன் மேலதான்.” குவாரியில் பெரும்பாலும் இது வெடிக்காத குழியைப் பற்றியதாக இருக்கும். பத்துக் குழியில் ஒன்பது வெடித்து ஒன்று நின்றுவிடும், பார்க்கப் போனவர் மேல் அது வெடிக்கும். உலோகச் சுரங்க ஒழுங்குமுறை விதிகள், 1961 இதற்கு வழி சொல்லியிருக்கிறது. திரி வைத்துக் கொளுத்தியிருந்தால் 30 நிமிடமும், மின்சாரத்தில் வெடித்திருந்தால் கம்பியைக் கழற்றிய பின் 5 நிமிடமும் யாரும் கிட்டப் போகக் கூடாது. பழைய குழியின் அடிப்பகுதியில் மறுபடி துளை போடவே கூடாது. மருந்து அடைத்து வெடிக்க வைப்பவருக்குச் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்தின் சான்று வேண்டும். கிணறு, கட்டட இடிப்பு, ரோட்டுக்குப் பாறை உடைப்பு போன்ற வெளிவேலைகளில் வெடி வைக்க 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி தனி அனுமதி உண்டு. “எங்களுது சின்ன குழி, சுரங்கமே இல்ல” என்று சிலர் சொல்வார்கள். ஆறு மீட்டருக்கு மேல் ஆழம் போகாத, ஐம்பது பேருக்கு மேல் ஆள் இல்லாத கல் குழிக்குச் சுரங்கச் சட்டத்தில் விலக்கு இருந்தது உண்மை. ஆனால் வெடி வைத்தால் அந்த விலக்கு கிடையாது.

நடப்பு எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். சான்று வைத்திருப்பவர் பெயர் நோட்டில் இருக்கும், குழிக்குள் மருந்து தள்ளுவது உதவியாள். அடிபடுவதும் அவர்தான். “அவனுக்குச் சான்று இல்ல, அவனா போய்த் தொட்டான்” என்று சொன்னால் பயப்பட வேண்டாம். இழப்பீட்டுச் சட்டம் சான்று கேட்பதில்லை. வேலையின்போது, வேலை காரணமாக அடிபட்டாரா என்பதுதான் கேள்வி. முதலாளி தப்பிக்கச் சட்டம் தரும் வழிகள் சிலவே. குடித்திருந்ததே விபத்துக்குக் காரணமாக இருக்க வேண்டும், அல்லது பாதுகாப்புக்கென்று வெளிப்படையாகச் சொன்ன உத்தரவையோ விதியையோ வேண்டுமென்றே மீறியிருக்க வேண்டும், அல்லது கொடுத்த பாதுகாப்புச் சாதனத்தைத் தெரிந்தே கழற்றிப் போட்டிருக்க வேண்டும். கவனக்குறைவு இதில் சேராது. ஆள் இறந்துவிட்டாலோ முழு ஊனம் ஆனாலோ இந்த வாதங்களுக்கே இடமில்லை. விரல், கண் போன்ற பகுதி ஊன வழக்குகளில்தான் இதை வைத்து இழுப்பார்கள். அங்கே, தினமும் மருந்து அடைத்தது இவர்தான், மேஸ்திரிக்கும் அது தெரியும் என்று கூட வேலை பார்த்த ஒருவர் சொன்னால் போதும், வாதம் ஆட்டம் கண்டுவிடும்.

முதலாளி யார் என்பதிலும் ஏமாறக் கூடாது. கூலி கொடுத்தது ஒப்பந்தக்காரராக இருக்கலாம். ஆனால் குவாரியைக் குத்தகைக்கு எடுத்தவர் தன் தொழிலுக்கான வேலையைத்தான் அவரிடம் விட்டிருக்கிறார், எனவே அவரிடமும் கேட்கலாம். மனுவில் இருவரையும் சேருங்கள். இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் அந்தக் கம்பெனியையும் சேருங்கள்.

ஆதாரம் என்று பார்த்தால், எல்லை தாண்டிப் போகிற ஆளுக்கு எழுத்தில் ஒன்றும் இருக்காது. ஜிபே வரவு, வாட்ஸப்பில் மேஸ்திரி அனுப்பிய ‘நாளைக்கு வா’ என்ற குரல் பதிவு, கூலி எழுதி வைத்த சின்ன நோட்டு எல்லாமே உதவும். போனை ரிப்பேருக்குக் கொடுத்து அழித்துவிடாதீர்கள். கேரளப் போலீசின் முதல் தகவல் அறிக்கை மலையாளத்தில்தான் இருக்கும். அதில் குவாரியின் பெயரும், வேலையில் இருந்தபோது நடந்தது என்ற வரியும் இருக்கிறதா என்று படிக்கத் தெரிந்தவரை வைத்து அன்றைக்கே பாருங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கை அல்லது காயச் சான்றிதழ், வயதுச் சான்று, வாரிசுச் சான்றிதழ் இவையும் வேண்டும். மனைவி, மைனர் மகன், மணமாகாத மகள், விதவைத் தாய் ஆகியோர் அவரை நம்பி வாழ்ந்ததாகத் தனியே நிரூபிக்க வேண்டியதில்லை. தகப்பனார் நிரூபிக்க வேண்டும். கிரஷரில் வேலை பார்த்து இஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் வழி வேறு, அந்த அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020 வந்திருக்கிறது. அதற்கு முன் நடந்த விபத்துக்குப் பழையதுதான், பின் நடந்ததற்குப் புதியதன் ஏழாம் அத்தியாயம். 50, 60 சதவீதக் கணக்கும், இடத்தை மனுதாரரே தேர்ந்தெடுக்கும் உரிமையும் அப்படியே தொடர்கின்றன. ஆணையர் என்பது ‘தகுதிவாய்ந்த அதிகாரி’ ஆகியிருக்கிறது. எல்லைக்காரர்களுக்கு ஒரு நன்மையும் வந்திருக்கிறது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நடக்கும் விபத்தும், வேலையோடு அதற்குத் தொடர்பு காட்டினால், வேலை விபத்தாகவே கருதப்படும். விடியற்காலையில் பைக்கில் எல்லை தாண்டுகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

விபத்து நடந்து இரண்டு ஆண்டைத் தாண்ட விடாதீர்கள். முதலாளி ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி ஓடும். தாமதத்துக்குச் சரியான காரணம் இல்லையென்றால் தொகையில் பாதி வரை அபராதமும் உண்டு. வட்டியை இன்சூரன்ஸ் கம்பெனி தந்தாலும் அபராதத்தை முதலாளியேதான் கட்ட வேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குப் பேசி இலவச சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கு இதற்கு வருமான வரம்பு கிடையாது.