வெள்ளம் வடிந்த பின் ரோடு யாருடையது? ஃபெமா பணம் கேட்கப் போகும் சிற்றூர்களுக்கு

அமெரிக்காவில் அதிபர் பேரிடர் அறிவித்துவிட்டார் என்று செய்தி வந்ததுமே, ஊருக்குப் பணம் வந்துவிட்டதாகப் பாதிப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். 1988-ஆம் ஆண்டின் ஸ்டாஃபர்ட் சட்டம் என்ற பேரிடர் உதவிச் சட்டப்படி, ரோடு, பாலம் போன்ற பொதுச் சொத்துகளுக்கான பொது உதவித் திட்டத்தில், சேதச் செலவில் குறைந்தது 75 சதவீதத்தை மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபெமா தரும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பணம் மாநில அரசின் கை வழியாகத்தான் வரும். பெரிய வேலை என்றால் ஊர் முதலில் செலவு செய்து ரசீது காட்ட வேண்டும். அதுவரை வங்கியில் வாங்கிய கடனின் வட்டி ஊரின் தலையில். அதை ஃபெமா தராது.

வெர்மான்ட் மாநிலத்தை எடுத்துக்கொள்கிறேன். 2011-இல் ஐரீன் புயல், 2023 ஜூலையில் வெள்ளம், சரியாக ஒரு வருடம் கழித்து 2024 ஜூலையில் மறுபடியும் வெள்ளம். அங்கே மலையோர மண் ரோடுகளில் பெரும்பாலானவை டவுன்களின் பொறுப்பு. சின்ன டவுனில் ஒரு ரோடு ஃபோர்மேன், ஒரு கிளார்க், மாலையில் கூடும் செலக்ட்போர்டு என்ற ஊர் நிர்வாகக் குழு, அவ்வளவுதான். இவர்கள்தான் நூற்றுக்கணக்கான பக்க விதிப் புத்தகத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்.

முதல் பொறி, ரோடு எந்த வகை என்பது. ஊருக்குள் ஓடுகிறது என்பதாலேயே அது ஃபெமாவின் கணக்கில் வந்துவிடாது. 'ஃபெடரல் எய்ட்' (மத்திய அரசு நிதி பெறத் தகுந்த ரோடுகள்) பட்டியலில் உள்ள ரோடாக இருந்தால் நிரந்தரப் பழுதுக்கு ஃபெடரல் நெடுஞ்சாலைத் துறையின் அவசர நிவாரண நிதியைத்தான் கேட்க வேண்டும். அந்தத் துறை பணம் தராவிட்டாலும் ஃபெமா அந்த வேலையைத் தொடாது. இரண்டு ஆபீஸும் ஒன்றையொன்று கைகாட்டும், மாதங்கள் ஓடும், ரோடு அப்படியே கிடக்கும். மாநிலப் போக்குவரத்துத் துறையிடம் சாலை வகைப்பாட்டு வரைபடம் இருக்கிறது. மழைக்காலத்துக்கு முன்பே அதை வாங்கி, உங்கள் ரோடுகளில் எது எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று குறித்து வையுங்கள். நெடுஞ்சாலை நிதியில் அவசரப் பழுதுக்கு 100 சதவீதம் கிடைக்கும், ஆனால் 270 நாளுக்குள் முடித்த வேலைக்கு மட்டும். அதற்குப் பிறகு, இன்டர்ஸ்டேட் (மாநிலங்களை இணைக்கும் பெருநெடுஞ்சாலை) அல்லாத ரோடுகளுக்குப் பொதுவாக 80 சதவீதம்தான்.

தனியார் ரோடு என்றால் இன்னும் மோசம். 2024-இல் ஹெலீன் புயலில் வட கரோலினா மலைப்பகுதியில் எத்தனையோ குடும்பங்களின் ஒரே வழி தனியார் ரோடும் தனியார் பாலமும்தான். பொது உதவித் திட்டத்தில் அதற்குப் பொதுவாக இடமில்லை. "நாங்கள் வரி கட்டுகிறோமே" என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. விதியோ, பராமரிக்கும் சட்டப் பொறுப்பு யாருக்கு என்று மட்டும்தான் பார்க்கிறது.

அடுத்தது தேதிகள். உங்கள் கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) பேரிடர் அறிவிப்பில் சேர்ந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் உதவிக் கோரிக்கை போக வேண்டும். அப்புறம் ஃபெமாவுடன் நடக்கும் முதல் ஆலோசனைக் கூட்டத்திலிருந்து 60 நாளுக்குள் எல்லாச் சேதத்தையும் பட்டியலிட வேண்டும். பனி உருகிய பின் கண்ணில் படும் சேதத்தை "பிறகு சேர்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது வாயால் சொன்னால் நம்பாதீர்கள். அப்படிச் சொன்னவர் வேறு ஊருக்கு மாறிப்போவார், புதிதாக வருபவர் முதல் பக்கத்திலிருந்து அதே காகிதங்களைக் கேட்பார். எந்தப் பேச்சையும் அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

ரோட்டுக்கு அடியில் தண்ணீர் ஓடக் குழாய் பதித்த குழாய்ப் பாலங்களில்தான் ஊர்கள் அதிகம் ஏமாறுகின்றன. சின்னக் குழாய் அடித்துப்போனால் மறுபடி அதே சின்னக் குழாய்க்குத்தான் பணம். பெரிதாகப் போட வேண்டும் என்றால், பொதுவாக அந்தத் தரம் பேரிடருக்கு முன்பே எழுத்தில் ஏற்கப்பட்டு, எல்லா ரோட்டுக்கும் ஒரே மாதிரி நடைமுறையில் இருந்திருக்க வேண்டும். ஐரீனுக்குப் பிறகு இதைச் சொல்லித்தான் வெர்மான்ட்டில் ஃபெமா மறுத்தது. இன்னொரு வழி, ஸ்டாஃபர்ட் சட்டத்தின் 406-ஆம் பிரிவில் சேதத் தணிப்புச் செலவாக, அதாவது அடுத்த முறை சேதம் குறையச் செய்யும் செலவாகக் கேட்பது. யாரும் தானாகச் சொல்லமாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். சுற்றுச்சூழல் பரிசீலனை முடியுமுன் நிரந்தர வேலையைத் தொடங்கினால் மொத்தப் பணமும் போகலாம்.

வெள்ளத்துக்கு முன் ரோடு எப்படி இருந்தது என்பதற்கு ஆதாரம் வையுங்கள். இல்லாவிட்டால் "ஏற்கெனவே பழுதான ரோடுதானே" என்பார்கள். பராமரிப்புப் பதிவேடும் தேதியிட்ட படங்களும் போதும். அவசர வேலையில் நிரந்தர ஊழியரின் வழக்கமான நேரச் சம்பளம் பொதுவாகக் கணக்கில் சேராது, ஓவர்டைம் சேரும். எந்த இயந்திரம், யார் ஓட்டினார், எத்தனை மணி நேரம், எந்த ரோட்டில் என்று அன்றன்றே எழுதாவிட்டால் அதுவும் போச்சு. ஒப்பந்தக்காரரிடம் "செலவும் அதற்கு மேல் இத்தனை சதவீதமும்" என்று ஒப்பந்தம் போடவே கூடாது. உயிருக்கு ஆபத்து இருக்கும் நாட்களில் ஏலமில்லாமல் வேலை கொடுக்கலாம். ஆபத்து நீங்கியதும் முறைப்படி விலைப்புள்ளி கேளுங்கள். பல வருடம் கழித்துத் தணிக்கைக்காரர் வந்து பணத்தைத் திருப்பிக் கேட்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மீதி 25 சதவீதம் எங்கிருந்து வரும்? வெர்மான்ட்டில் மாநிலம் சாதாரணமாக 7.5 சதவீதம் தரும். வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்வது, ரோடு-பாலத் தரங்களை ஏற்பது, உள்ளூர் அவசரத் திட்டத்தை ஆண்டுதோறும் புதுப்பிப்பது, ஆபத்துத் தணிப்புத் திட்டம் காலாவதியாகாமல் பார்ப்பது, இந்த நாலும் இருந்தால் 12.5. ஆற்றோர நிலப் பாதுகாப்பும் சேர்ந்தால் 17.5. சேதம் 5 லட்சம் டாலர் என்றால் ஊரின் பங்கு 87,500-லிருந்து 37,500-க்கு இறங்கும்.

மறுப்பு வந்தால் மேல்முறையீட்டுக்கு 60 நாள். மறுப்பு வந்த தேதியிலிருந்து எண்ணுங்கள், நீங்கள் அதைத் திறந்து பார்த்த தேதியிலிருந்து அல்ல. ஃபெமாவின் கிராண்ட்ஸ் போர்ட்டல் என்ற நிதி விண்ணப்ப இணையதளத்தில் பதிவாகியிருப்பது வேலையை விட்டுப் போன பழைய கிளார்க்கின் மின்னஞ்சல் என்றால், அதை இந்த வாரமே மாற்றுங்கள்.