பார்சலில் வந்த வால்நட்டை என்ன செய்வது?

ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் வால்நட்டைக் காசு கொடுத்து வாங்கும் வீடுகள் குறைவு. குவைத்திலோ சவூதியிலோ வேலை செய்யும் அக்கா, சித்தி அனுப்பும் பார்சலில் பேரீச்சம்பழத்தோடும் பால்மா டின்னோடும் சேர்ந்து அது வரும். வந்ததும் ஒரு போத்தலில் கொட்டி, கண்ணாடி அலுமாரியில் வைத்துவிடுவார்கள். விருந்தாளி வந்தால் நாலு எடுத்துத் தட்டில் வைப்பது, பிள்ளைக்குப் பரீட்சை நெருங்கினால் இரவில் ஊறவைத்துக் காலையில் இரண்டு கொடுப்பது, அவ்வளவுதான். மீதி கொஞ்ச மாதத்தில் சிக்கு வாடை அடித்துக் குப்பைக்குப் போகும்.

ஊட்டச்சத்து ஆலோசகராகக் கிளினிக்கில் உட்காரும் என்னிடம் வால்நட்டைப் பற்றி வருகிற கேள்விகள் எல்லாமே மாத்திரையைப் பற்றிக் கேட்பது போலத்தான் இருக்கும். எத்தனை சாப்பிட வேண்டும்? வெறும் வயிற்றிலா? ஊறவைத்தா? கறியில் போடலாமா, சம்பலில் அரைக்கலாமா என்று யாரும் கேட்பதில்லை. உண்மையில் கேட்க வேண்டியது அதைத்தான்.

முதலில் அந்த மூளைக் கதையை முடித்துவிடுவோம். "மிஸ், பார்க்க மூளை மாதிரியே இருக்கே, புலமைப்பரிசிலுக்குப் படிக்கிற பிள்ளைக்குக் குடுத்தா ஞாபகசக்தி கூடுமா?" என்று தாய்மார் கேட்பார்கள். நான் இதைச் சிரித்துத் தள்ளுவதில்லை. ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள், ஆனால் பிள்ளைகளிடம் அல்ல. ஸ்பெயினின் பார்சிலோனாவிலும் அமெரிக்காவின் லோமா லிண்டாவிலும் 63 முதல் 79 வயது வரையான, சுகத்தோடு இருந்த பெரியவர்களில் ஒரு பகுதியினருக்கு இரண்டு வருடம் தினமும் வால்நட் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை. 2020இல் வெளிவந்த முடிவின்படி, மொத்தத்தில் பார்த்தால் இரண்டு பகுதியினரின் ஞாபகசக்தியிலும் சிந்தனைத் திறனிலும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. அதே ஆய்வில் கெட்ட கொலஸ்ட்ரோல் என்று நாம் சொல்லும் எல்.டி.எல். மட்டும், சராசரியாக ஒரு டெசிலீற்றருக்கு 4 மில்லிகிராம் அளவில் குறைந்தது. நல்லதுதான், ஆனால் கொலஸ்ட்ரோல் மாத்திரையை நிறுத்திவிட்டு வால்நட்டை நம்பும் அளவுக்கு அது பெரிய குறைவு இல்லை.

இரத்தம் ஊறும் என்று கர்ப்பிணிப் பெண்களுக்குக் கொடுப்பவர்களும் உண்டு. 100 கிராம் வால்நட்டில் இரும்புச்சத்து 3 மில்லிகிராமுக்கும் குறைவு. நாம் சாப்பிடுவதோ ஒரு கைப்பிடி. அதன் தோலில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பு உடம்பில் சேர்வதையும் தடுக்கும், சாப்பிட்ட கையோடு குடிக்கிற பிளேன் டீ செய்கிற அதே வேலை. கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையை ஒழுங்காக விழுங்குங்கள், திரிபோஷ சத்துமாவை வீட்டில் எல்லோருக்கும் பங்கு போடாமல் நீங்களே சாப்பிடுங்கள். இரத்தத்துக்கு வால்நட்டை எதிர்பார்க்க வேண்டாம்.

அப்படியென்றால் வால்நட்டில் என்னதான் இருக்கிறது? முக்கியமாகக் கொழுப்பு. 28 கிராம், அதாவது ஏறத்தாழ 14 அரைப் பருப்பு எடுத்தால் 185 கலோரி. அதில் கொழுப்பு 18 கிராம், புரதம் 4 கிராம். அந்தக் கொழுப்பில் 2.5 கிராம், ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பின் தாவர வகை. ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1.1 கிராம், ஆணுக்கு 1.6 கிராம் போதும் என்பதால் ஒரு கைப்பிடியிலேயே அந்தக் கணக்கு நிறைந்துவிடும். மீனில் கிடைக்கும் ஒமேகா-3 வேறு வகை. வால்நட்டில் உள்ளதில் மிகக் கொஞ்சத்தைத்தான் உடம்பு அந்த வகைக்கு மாற்றிக்கொள்ளும். ஆகவே வால்நட் இருக்கிறது என்று சாளையையும் நெத்தலியையும் விட்டுவிடாதீர்கள்.

185 கலோரி என்பது சின்ன விஷயம் இல்லை. வழக்கமான ரொட்டி, சம்பல், சோறு, மாலை டீக்கு வடை எல்லாம் அப்படியே இருக்க, அதற்கு மேல் ஒரு கைப்பிடி வால்நட்டையும் சேர்த்தால் எடைதான் கூடும். சுகர், பிரஷர் உள்ளவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். வால்நட் வேறொரு கொழுப்பின் இடத்தில் வர வேண்டும். நம் சமையலில் கொழுப்பு என்றாலே தேங்காய்தான், தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடு, எல்.டி.எல். அளவைக் கூட்டும் நிறைவுற்ற கொழுப்பு. தேங்காயை எதிரியாக்கச் சொல்லவில்லை. சம்பல் இல்லாமல் ரொட்டியை எப்படி விழுங்குவது? ஆனால் போடுகிற தேங்காயில் பாதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கொஞ்சம் வால்நட்டைப் போடலாம். அதனால்தான் கறியையும் சம்பலையும் பற்றிப் பேசுகிறேன்.

சமைக்கும் முன் வாயில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். நல்ல வால்நட் லேசாக இனிக்கும், தோலில் துவர்ப்பு இருக்கும். பழைய பெயின்ட் வாடையோ தொண்டையில் காறலோ வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். மசாலாவில் மறைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், மறையாது. பூஞ்சணம் தெரிந்தால் ஆபத்து இன்னும் அதிகம். பூஞ்சணம் விடுகிற நஞ்சு வறுத்தாலும் போகாது. நம் ஊர் குளிர் என்பதால் எதுவும் கெடாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. குளிர் இருக்கிறதோடு ஈரமும் இருக்கிறதே! தென்மேல் பருவ மழை பிடித்தால் உப்பே தண்ணீர் விடுகிறது. அடுப்புக்கு மேல் தட்டில் வைத்தால் சூடு, அலுமாரியில் வைத்தால் வெளிச்சம், இரண்டும் வால்நட் எண்ணெயைக் கெடுக்கும். பிரிட்ஜ் இருந்தால் காற்றுப் புகாத போத்தலில் போட்டு அதில் வையுங்கள், ஆறு மாதம் நிற்கும். ஐஸ் பெட்டியில் ஒரு வருடம் வரை. பிரிட்ஜ் இல்லாத வீட்டில் இருட்டான, உலர்ந்த மூலையில் வைத்து இரண்டொரு மாதத்தில் தீர்த்துவிடுவது நல்லது. பொடித்து மட்டும் வைக்காதீர்கள். பொடித்தால் இன்னும் சீக்கிரம் காறும்.

துவர்ப்பைப் போக்கக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு வடித்து, துணியில் ஒற்றி, தாச்சியில் சின்னத் தீயில் வாசம் வரும்வரை வறுங்கள். கையெடுக்காமல் கிளற வேண்டும், கச்சானை விட வேகமாகத் தீய்ந்துவிடும். ஆறியபின் துணியில் தேய்த்தால் தோலில் பாதி உதிரும். மீதித் தோல் இருக்கட்டும், அதிலும் நல்லது உண்டு. வால்நட் அரைத்த குழம்பை இரும்புச் சட்டியில் வைக்காதீர்கள், துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கறுத்துப்போகும். மண்சட்டிதான் சரி.

இனி சமையல். எளியதிலிருந்து தொடங்கினால், கட்டச் சம்பல். பத்து அரைப் பருப்பை வறுத்து, செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, விரும்பினால் கொஞ்சம் மாசி, ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ எல்லாவற்றையும் அம்மியில் வைத்து ஒன்றிரண்டாகத் தட்டி, தேசிக்காய் பிழியுங்கள். மிக்சியில் போட்டால் நைந்து எண்ணெய் விட்டுக் களியாகிவிடும், அம்மியில்தான் பதம் வரும். ரொட்டி மாவிலும் போடலாம். தேங்காய்ப்பூவில் பாதியைக் குறைத்து, கொரகொரப்பாகப் பொடித்த வால்நட்டையும் பச்சை மிளகாயையும் சேர்த்துப் பிசைந்து சுட்டால், அந்த ரொட்டி மாலை வரை மிருதுவாகவே இருக்கும். கொழுந்துக்குப் போகிறவர்கள் கட்டிக்கொண்டு போக ஏற்றது.

நம் மலையில் விளையும் மரக்கறிகளுக்கென்றே கண்டுபிடித்தது போன்ற ஒரு முறை ஜோர்ஜியாவில் இருக்கிறது. கருங்கடல் ஓரத்து மலைநாடு அது, வால்நட் இல்லாமல் அங்கே விருந்தே இல்லை. பீட்ரூட், லீக்ஸ், போஞ்சி, கீரை என்று எது கிடைத்தாலும் அவித்து, தண்ணீரைப் பிழிந்து, பொடியாக நறுக்கி, அரைத்த வால்நட், பூண்டு, கொத்தமல்லி, வினிகர் சேர்த்துப் பிசைந்து உருண்டை பிடிக்கிறார்கள். ப்காலி என்று பெயர். வெந்தய இனத்துப் பொடி ஒன்றும் அதில் விழும். நாம் ஒரு சிட்டிகை வெந்தயத்தூள் போடலாம். கால் கிலோ லீக்ஸுக்கு 75 கிராம் வால்நட், இரண்டு பல் பூண்டு, ஒரு பச்சை மிளகாய் என்று எடுத்துக்கொள்ளுங்கள். லீக்ஸின் பச்சைப் பகுதியையும் வீசாமல் போடுங்கள். நுவரெலியாவில் லீக்ஸ் விலை விழுகிற நாட்களில் செய்து பாருங்கள். பீட்ரூட்டில் செய்தால் பிள்ளைகள் நிறத்துக்காகவே கேட்டுச் சாப்பிடும்.

அரபு வீடுகளில் வேலை செய்து திரும்பிய அக்காமார் நம்மிடையே இருக்கிறார்கள். வால்நட் சமையல் என்னைவிட அவர்களுக்குத் தெரியும், ஆனால் ஊருக்கு வந்ததும் "நம்ம ஆளுங்களுக்குப் பிடிக்காது" என்று அந்தக் கைப்பக்குவத்தை மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். கேட்டு வாங்குங்கள். சிரியாவின் அலெப்போ பக்கத்து முஹம்மரா என்ற தொகையல் அவர்களில் பலருக்குப் பழக்கம். சிவந்த குடமிளகாயைத் தணலில் சுட்டுத் தோலுரித்து, வறுத்த வால்நட், காய்ந்த பாண் தூள், சீரகம், மாதுளைப்பழப் பாகு, எண்ணெய் சேர்த்து அரைப்பது. மாதுளைப் பாகுக்கு நாம் எங்கே போவது? கெட்டியான புளிக்கரைசலில் ஒரு கரண்டி கித்துள் பாணி கலந்தால் அந்த இடம் நிரம்பிவிடும். ஒரு கோப்பை வால்நட்டுக்கு மூன்று குடமிளகாய், இரண்டு துண்டு பாண் போதும், ஆறு பேர் சாப்பிடலாம். பாடசாலைக்குப் பாணில் மாஜரீன் தடவிக் கொடுப்பதற்குப் பதிலாக இதைத் தடவிக் கொடுங்கள்.

ஈரானியர் கோழியை வால்நட்டிலும் மாதுளையிலும் மணிக்கணக்கில் வேகவைத்து ஃபெசென்ஜான் என்று ஒரு குழம்பு வைக்கிறார்கள். அரைத்த வால்நட் மெதுவாக எண்ணெய் விட்டு, குழம்பு தானாகவே கெட்டியாகும். தேங்காய்ப்பால் ஒரு சொட்டும் வேண்டாம். இங்கே மாதுளைக்குப் பதில் எனக்குப் பிடித்தது மரத்தக்காளி. பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்தில் தாராளமாகக் கிடைக்கும் அந்தப் புளிப்பும் இனிப்பும் கோழிக்குக் கச்சிதம். வெங்காயத்தை வதக்கி, கோழியைப் பிரட்டி, அரைத்த வால்நட் 150 கிராமும் தோலுரித்த மரத்தக்காளி நாலும் போட்டு, மண்சட்டியில் ஒரு மணி நேரம் சின்னத் தீயில் விடுங்கள். மிளகு, கறுவா போதும், கறித்தூள் வேண்டாம். மேலே மிதக்கும் எண்ணெயைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, அது வால்நட்டின் எண்ணெய்தான்.

சோயா மீட் சமைக்காத தோட்ட வீடு இல்லை. ஊறவைத்துப் பிழிந்த சோயாவைக் கொத்தி, அதில் கால் பங்கு பொடித்த வால்நட் கலந்து கட்லட் பிடித்தால் சக்கை போன்ற அந்த வறட்சி போய்விடும். தோசைக்கல்லில் போட்டுப் புரட்டி எடுங்கள். எண்ணெயில் பொரிக்கப் போகிறீர்கள் என்றால் வால்நட்டை வீணாக்க வேண்டாம். வால்நட்டை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்தும் சமைக்கலாம், ஆனால் சொதிக்கு அது சரிவராது. நிறம் மண்ணாகிவிடும், ருசியும் வேறு.

வாங்கக் காசு இல்லை என்றால் வருத்தப்பட ஒன்றும் இல்லை. கச்சானில் புரதம் வால்நட்டை விட அதிகம். ஒமேகா-3 மட்டும்தான் அதில் இல்லை, அதை மீனில் பிடித்துக்கொள்ளலாம். மேலே சொன்ன சம்பலும் ப்காலியும் கச்சானிலும் நன்றாகவே வரும். 2016 தேசிய ஆய்வில், தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் சுமார் 32 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். நாடு முழுவதற்கும் அது 17 விழுக்காடு. அந்தப் பிள்ளையின் முட்டைக் காசில் வால்நட் வாங்குவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முழுப் பருப்பாகவோ துண்டாகவோ கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் அடைக்கும். நைசாக அரைத்து, கஞ்சியில் கலந்து கொடுக்கலாம். முதல் முறை நுனிக்கரண்டி அளவு மட்டும், அதுவும் ஆஸ்பத்திரிக்குப் போக வாகனம் கிடைக்கும் பகல் வேளையில். உதடு வீங்கினாலோ, உடம்பில் தடிப்பு எழும்பினாலோ, மூச்சு இழுத்தாலோ கை வைத்தியம் பார்க்காமல் உடனே கிளம்புங்கள். கச்சான் ஒத்துக்கொண்ட பிள்ளைக்கு வால்நட்டும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது, இரண்டும் வேறு இனம். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், பொட்டாசியமும் பொஸ்பரசும் இதில் கணிசமாக உண்டு.

தீபாவளிக்கோ நத்தாருக்கோ பார்சல் வந்தால், பேரீச்சம்பழமும் வால்நட்டும் கூடவே வந்திருக்கும். கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 200 கிராம், வறுத்துப் பொடித்த வால்நட் 100 கிராம், வறுத்த எள்ளு இரண்டு மேசைக்கரண்டி, கொஞ்சம் ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. கையில் நெய் தொட்டுப் பிசைந்து பதினைந்து உருண்டை பிடியுங்கள். சீனியும் வேண்டாம், பாகும் காய்ச்ச வேண்டாம். சுகர் உள்ளவர்களுக்கு ஒன்று, அதுவும் அன்றைக்கு வேறு பலகாரம் இல்லாமல்.