கிளம்பும் முதல் இருபது மீட்டர்: ஆட்டோகிராஸில் ட்யூனிங் மென்பொருள் என்ன செய்கிறது?

அமெரிக்காவில் வார இறுதி ஆனால் பெரிய வாகன நிறுத்தங்களிலும் பழைய விமானத் தளங்களிலும் ஆட்டோகிராஸ் என்ற கார் போட்டி களைகட்டும். கோன்களை வைத்து வளைந்து நெளிந்த ஒரு பாதை. அதைப் பெரும்பாலும் ஒரு நிமிடத்தையொட்டி ஓட்டி முடித்துவிடுவார்கள். நேரத்தை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை அளக்கிறார்கள். இந்தப் போட்டிகளை நடத்தும் எஸ்.சி.சி.ஏ (ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா) அமைப்பின் விதிப்படி ஒரு கோனைத் தட்டினால் 2 நொடி கூடிவிடும். இவ்வளவு நெருக்கமான போட்டியில், எஞ்சினின் கணினியான இ.சி.யு-வுக்குள் புது நிரலை ஏற்றினால் (இதைத்தான் ட்யூன் என்கிறார்கள்) கிளம்பும் வேகம் கூடும் என்ற ஆசை வருவது இயல்புதான்.

கூடுமா? அதைத் தீர்மானிப்பது எஞ்சினைவிட டயர்தான் என்பது என் கருத்து. இந்தப் போட்டிகளில் அடிக்கடி தென்படும் மஸ்டா மியாட்டா என்ற சிறிய காரையே பார்ப்போம். 2019-ஆம் ஆண்டு மாடலில் 181 குதிரைத்திறன், 205 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. முதல் கியரும் பின்னச்சு கியரும் சேர்ந்து அந்த முறுக்குவிசையைச் சுமார் 14.6 மடங்கு பெருக்குகின்றன. உராய்வில் பத்து சதவீதம் போனாலும், பின்சக்கரங்கள் தரையை ஏறக்குறைய 8,700 நியூட்டன் விசையோடு தள்ள முடியும். தரை தாங்குமா? ஓட்டுநரோடு சேர்த்து கார் 1,150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கிளம்பும்போது எடை பின்பக்கம் சாய்கிறது. அப்படியும் மொத்த எடையில் அறுபது சதவீதம்தான் பின்சக்கரங்கள் மேல் இருக்கும். நல்ல பிடிப்புள்ள டயர் என்றாலும் தாங்குவது 7,500 நியூட்டன் அளவுக்குத்தான். ஆக, கம்பெனியிலிருந்து வந்தபடியே முதல் கியரில் டயரைச் சுழலவிடும் பலம் இந்த எஞ்சினுக்கு இருக்கிறது. மென்பொருளால் இன்னும் ஐந்து சதவீதம் கூட்டினால் அதுவும் புகையாகத்தான் போகும்.

அப்படியென்றால் மென்பொருளால் பயனே இல்லையா? உண்டு, வேறு இடத்தில். டயர் தன் உச்சப் பிடிப்பைத் தருவது சிறிது வழுக்கும்போதுதான். சக்கரத்தின் வேகம் காரின் வேகத்தைவிடப் பத்து, பதினைந்து சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும். அதைத் தாண்டிச் சுழன்றால் பிடிப்பு குறைந்துவிடும். கார் நிற்கும்போது எஞ்சினை ஒரே ஆர்.பி.எம்-மில் (நிமிடத்துக்கான சுழற்சி எண்ணிக்கை) பிடித்து வைக்கும் லாஞ்ச் கண்ட்ரோல் இங்கேதான் உதவுகிறது. எந்த ஆர்.பி.எம்-மில் கிளட்சை விட்டால் சரியான வழுக்கல் வருகிறதோ, அதே எண்ணை ஒவ்வொரு ஓட்டத்திலும் அது தரும். படபடப்பில் வலது கால் செய்யும் தவறு இங்கே இல்லாமல் போகிறது. ஆனால் கிளட்சை விடும் இடது கால் இன்னும் உங்களுடையதுதான்!

சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ் மாதிரியான டர்போ கார்களின் கதை வேறு. நான்கு சக்கரமும் இழுப்பதால் பிடிப்புக்குப் பஞ்சமில்லை. எஞ்சின் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பது டர்போ; அதில் காற்றழுத்தம் ஏறும்வரை காத்திருப்பதுதான் தொல்லை. கோப் ஆக்சஸ்போர்ட் போன்ற கருவிகள் வழியாக ஏற்றும் நிரல், கார் நிற்கும்போதே தீப்பொறியைத் தாமதப்படுத்தியோ வெட்டியோ புகைபோக்கிப் பக்கம் வெப்பத்தைத் தள்ளும். அது டர்போவை முன்கூட்டியே சுழற்றிவிடும். கிளம்பும் நேரம் உண்மையிலேயே குறைவது இந்த வகைக் கார்களில்தான். விலையாகக் கிளட்சும் கியர்பெட்டியும் அடி வாங்கும்.

நேரத்தையும் கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். முதல் திருப்பம் 20 மீட்டரில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மென்பொருளால் சராசரி முடுக்கம் 5-இலிருந்து 5.5 மீட்டர்/நொடி² ஆகிறது என்றும் கொள்வோம். மிச்சமாவது 0.13 நொடி. ஆனால் பல இடங்களில் கடிகாரத்தை ஓடவைக்கும் ஒளிக்கற்றை, கிளம்பும் கோட்டுக்குச் சில மீட்டர் தள்ளித்தான் இருக்கும். அது 3 மீட்டர் என்றால் கணக்கில் சேரும் மிச்சம் 0.08 நொடி மட்டுமே. நெருக்கமான வகுப்பில் அதுவே ஓர் இடம் முன்னேற்றும் என்பதால் அலட்சியப்படுத்தவும் முடியாது.

ட்யூன் போட்டதும் 'கார் பறக்கிறது' என்று பலருக்கும் தோன்றுவதற்கு இன்னொரு காரணம் ஆக்ஸிலரேட்டர் பெடல். இருபது சதவீதம் மிதித்தால் எஞ்சினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் நாற்பது சதவீதம் திறக்கும்படி நிரலை மாற்றினால், காலுக்குக் கார் துடிப்பாகத் தெரியும். முழுதாக மிதிக்கும்போது பழைய எஞ்சினேதான். சொல்லப்போனால், மெல்ல மிதித்துப் பிடிப்பைக் காப்பது கடினமாகிவிடும். ஆட்டோகிராஸுக்கு இந்த மாற்றம் கெடுதல் என்றே சொல்வேன்.

விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்.சி.சி.ஏ-வின் ஸ்ட்ரீட் பிரிவில் இ.சி.யு நிரலைத் தொடக் கூடாது. ஸ்ட்ரீட் டூரிங் என்ற அடுத்த பிரிவில் நிபந்தனைகளோடு அனுமதி உண்டு. ஆனால் அங்கே சஸ்பென்ஷனையும் மாற்றிக்கொண்டு வந்தவர்களோடு மோத வேண்டும். மியாட்டாக்காரருக்கு நல்ல டயர்தான் முதல் செலவு.

சோதித்துப் பார்க்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலையில் பழைய நிரல், மாலையில் புது நிரல் என்று ஓட்டினால் புதியது வென்றதாகவே பெரும்பாலும் தெரியும். அதற்குள் டயர் சூடாகியிருக்கும், பாதையில் ரப்பர் படிந்திருக்கும், ஓட்டுநருக்கும் பாதை மனப்பாடமாகியிருக்கும். பழையது, புதியது, மறுபடி பழையது, மறுபடி புதியது என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். மொத்த நேரத்தை விட்டுவிட்டு, ஜி.பி.எஸ் பதிவில் முதல் 20 மீட்டரை மட்டும் ஒப்பிடுங்கள். ஒரே நிரலின் ஓட்டங்களுக்குள் இருக்கும் வித்தியாசத்தைவிட இரு நிரல்களுக்கு இடையிலான வித்தியாசம் பெரிதாக இருந்தால், அது மென்பொருளின் வேலைதான்.