வெட்டிங்கா, வீடிங்கா?

இலங்கை மலையகத்து ஹட்டனில் கலியாண கார்ட் அடிப்பதும் மண்டபத்துக்கு எழுத்து வெட்டுவதும் என் தொழில். தொடங்கிய வருடமே ஒரு பிழை விட்டேன். மேடைக்குப் பின்னால் மாட்டும் ரிஜிபோம் (வெள்ளை நுரைப்பலகை) எழுத்தில், வெட்டிங் என்ற இங்கிலீஷ் சொல்லில் 'டி' இரட்டிப்பதற்குப் பதில் 'ஈ' இரட்டித்துவிட்டது. வீடிங்! கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடவில்லை. ஏன் போடும், களை எடுப்பது என்று அதுவும் சரியான சொல்தானே. பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர், தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர், மேடையைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "என்னா தம்பி, மாப்பிள்ளைக்கு இன்னைக்கே புல்லு வெட்டுற வேலையா?"

அன்றிலிருந்து வெட்டுவதற்கு முன் எழுத்தைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஒவ்வொன்றாக வாசிப்பேன். நேராக வாசித்தால் இருக்க வேண்டியதைத்தான் கண் பார்க்கும், இருப்பதைப் பார்க்காது.

எழுத்துப் பிழையாவது சிரிப்போடு போகும். பொருள் பிழை அப்படியில்லை. அப்பா இல்லாத வீட்டுக் கார்டில்தான் நான் அதிகம் பயப்படுவேன். 'லேட் மிஸ்டர் அண்ட் மிசஸ்' என்று எழுதி, கீழே அப்பா பெயரைப் போட்டுக் கொண்டுவருவார்கள். அந்த 'லேட்' இரண்டு பேர் மேலும் விழும். மேடையில் நின்று மகளைக் கைப்பிடித்துக் கொடுக்கப் போகிற அம்மாவையும் அது அமரராக்கிவிடும். அம்மா பெயரை முன்னால் போட்டு, பிறகு 'அண்ட் த லேட் மிஸ்டர்' என்று அப்பா பெயரைப் போட்டால் தீர்ந்தது. கார்டை வாங்குகிற நூறு பேரில் ஒருவருக்குத்தான் இது உறுத்தும் என்பார்கள். உறுத்தட்டுமே என்று விடக்கூடிய விஷயமா இது?

இப்போது பிள்ளைகள் போனில் படம் காட்டி, "இதே மாதிரி வேணும் அண்ணே" என்கிறார்கள். அப்படி வந்தது 'டில் டெத் டு அஸ் பார்ட்', சாவு நம்மைப் பிரிக்கும்வரை என்று பொருள். அது இங்கிலாந்துத் திருச்சபையின் பிரார்த்தனைப் புத்தகத்தில் உள்ள திருமண வாக்குறுதி. 1549 புத்தகத்தில் 'டில் டெத் அஸ் டிபார்ட்' என்று இருந்ததை 1662இல் 'டில் டெத் அஸ் டு பார்ட்' என்று மாற்றினார்கள். தேவாலயத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் வாய்விட்டுச் சொல்லும்போது அதற்கு ஒரு கனம் உண்டு. வாழைமரம் கட்டிய கோயில் மண்டப வாசலில் 'டெத்' என்று இரண்டடி உயரத்தில் நிறுத்துவது வேறு. 'போறேன்' என்று சொல்லாமல் 'போய்ட்டு வாறேன்' என்கிற ஆட்கள் நாம். நான் மறுக்க மாட்டேன், பொருளைச் சொல்லிவிட்டு "அம்மாயிகிட்ட ஒரு தடவை கேட்டுட்டு வாங்க" என்பேன். பாதிப் பேர் மாற்றிக்கொள்வார்கள். 'டையிங் த நொட்' வேண்டுமென்றால் சந்தோஷமாக வெட்டிக் கொடுப்பேன். முடிச்சுப் போடுகிற அந்த இங்கிலீஷ், மூன்று முடிச்சுப் போடுகிற நமக்கு அச்சாகப் பொருந்துகிறது.

கார்டின் அடியில் வரும் ஆர்எஸ்விபி பிரெஞ்சுச் சொற்களின் முதலெழுத்துகள். 'தயவுசெய்து பதில் சொல்லுங்கள்' என்பதுதான் அதற்குப் பொருள். அதனால் 'ப்ளீஸ் ஆர்எஸ்விபி' என்றால் இரண்டு தயவுசெய்து. நுவரெலியா ஹோட்டலில் தட்டுக்கு இவ்வளவு என்று காசு கட்டுகிறவர்களுக்கு அந்த வரி தேவை. வெற்றிலை பாக்கு வைத்து லயம் லயமாகக் கூப்பிடுகிற கலியாணத்துக்கு எதற்கு? அதை எடுத்துவிட்டு பஸ் வந்து திரும்பும் இடத்தைப் போடுங்கள்.

பெயருக்கு மட்டும் பிறப்புப் பத்திரத்தையே கொண்டுவரச் சொல்வேன். ஒரே லெட்சுமியை ஆளுக்கொரு விதமாக இங்கிலீஷில் எழுதுகிறார்கள்.

போன தையில் முழுக்க இங்கிலீஷில் ஒரு கார்ட். ப்ரூஃப் பார்க்க மகளோடு அப்பாவும் வந்தார், மஸ்கெலியா பக்கத் தோட்டம். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல என் பேரு எங்க தம்பி இருக்கு?" என்றார். தொட்டுக் காட்டினேன். விரலை அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். மகள் அப்போது ஒன்றும் பேசவில்லை. மறுநாள் போன் பண்ணி, பின்பக்கம் சும்மாதானே கிடக்கிறது, தமிழில் அடிக்க எவ்வளவு கூடும் என்று கேட்டாள்.